‘விவசாயி’ என்று எழுதியது பொய்யா?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது முப்பத்தேழு. தஞ்சாவூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். அப்பா தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ‘குடும்ப மரம்’ ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் அவர் என்ன வேலை பார்த்தார் என்று எழுத வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் அப்பாயியிடம் கேட்டாள். “ஒங்க கொள்ளுத் தாத்தா பண்ணையாளு” என்றார் அப்பாயி. “பண்ணையாள்னா என்ன வேலைம்மா?” என்று மகள் என்னிடம் வந்தாள். நான் பேனாவை வாங்கி ‘விவசாயி’ என்று எழுதிவிட்டேன். அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. மகள் வாசித்துக் காட்டினாள். “அவரு வெவசாயி இல்ல கண்ணு. வெவசாயின்னா நெலம் வேணுமே” என்றார். அன்று முழுக்க என்னோடு அவர் அதிகம் பேசவில்லை. அவருக்கு எண்பத்திரண்டு வயது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டுக்கார அம்மா ஊர்ப் பெயரைக் கேட்டதும் “அங்க எந்தத் தெரு?” என்றார். அப்பா ஹெட்மாஸ்டர் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். வீடு கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறோம். அந்த அம்மா எங்களிடம் பிரியமாகவே இருக்கிறார். அதனாலேயே உறுத்துகிறது. தம்பி, “நீ மறைச்சு வாழறக்கா” என்று சண்டை போடுகிறான். என் கணவர், “பழசை எதுக்குக் கிளறணும், நீ படிச்ச, நீ சம்பாதிக்கிற, நீ நீதான்” என்கிறார். குடும்பம்தான் நானா, அது இல்லாமலும் ஒரு நான் இருக்கிறேனா? நான் எழுதியது பொய்யா?

— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்:

உங்கள் அப்பாயி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான்கு முறை படித்தேன். விவசாயி என்றால் நிலம் வேண்டும். பழைய தஞ்சை ஜில்லாவைப் பற்றி உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் எழுதிய தடித்தடியான நூல்களில் பாதி இந்த வாக்கியத்துக்கு எழுதிய உரைதான்.

இன்று ‘டெல்டா விவசாயி’ என்றால் எல்லோரும் ஒன்று. மேடையிலும் தொலைக்காட்சியிலும் அப்படித்தான். அப்பாயியின் காலத்தில் அந்தச் சொல்லே அவ்வளவாகப் புழங்கவில்லை. மிராசுதார் இருந்தார், குத்தகைக்காரர் இருந்தார், பண்ணையாள் இருந்தார். ஒரே வயல், ஒரே நெல். ஆனால் வரப்பில் குடை பிடித்து நின்றவரும் சேற்றில் இறங்கி நின்றவரும் ஒருவரையொருவர் ஒரே தொழில்காரர் என்று கனவிலும் நினைத்ததில்லை.

பண்ணையாள் என்பவர் தினக்கூலி அல்லர். ஒரு மிராசுதாருக்கு வருடம் முழுக்கக் கட்டுப்பட்டவர். அவர் மனைவி நடவுக்கும் களைக்கும் அதே பண்ணைக்குத்தான் போக வேண்டும். பிள்ளைகள் அங்கேதான் மாடு மேய்க்க வேண்டும். கூலி நெல்லாக, மரக்கால் கணக்கில். அறுவடையின்போது களத்தில் அளப்பது களவடி. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன் ஒன்று எப்போதும் கழியாமல் நிற்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது. வேலையை விட்டால் அன்றே தலைக்கு மேல் கூரை கிடையாது.

1940களில் கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்டுகள் பண்ணையாட்களைச் சேர்த்துச் சங்கம் கட்டினார்கள். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றது அந்தப் போராட்டத்தில்தான். 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு அதைத் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமாக ஆக்கியது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளை நினைத்தபடி நீக்கக் கூடாது. நடந்தது வேறு. பாதுகாப்புக் கொடுக்க மனமில்லாத பல மிராசுதார்கள் பண்ணையாட்களைக் கழித்துக்கட்டி, அதே ஆட்களைத் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். எனவே 1960களிலும் ஒருவர் பண்ணையாளாகவே இருந்தார் என்றால், சட்டப் புத்தகத்துக்கு எட்டாத ஒரு மூலையில் அவர் இருந்தார் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் நான் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுவது நியாயம். என் அப்பாவுக்கு ஒன்றரை வேலி நிலம் இருந்தது. பத்து ஏக்கர். வெளியூர்க்காரர்களுக்குச் சிறு விவசாயி, ஊருக்குள் பண்ணை. எங்களிடமும் ஒரு குடும்பம் வேலை செய்தது. ஆறு வயதில் நான் அறுபது வயது மனிதர் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘வா’, ‘போ’, ‘அந்த மாட்டை அவுத்து விடு’ என்று பேசியிருக்கிறேன். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. எங்கள் தெருவிலேயே பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ‘வாங்க’ என்று சொல்லாமல் ‘வா’ என்று சொன்னதற்கு அம்மா என் தொடையில் கிள்ளினாள். இவரிடம் சொன்னபோது கிள்ளவில்லை. அவ்வளவுதான் பாடம். நான் யார் என்பதை என் குடும்பம் எனக்கு வினைச்சொல்லின் விகுதியில் கற்றுக்கொடுத்தது. அதே விகுதியின் மறுமுனையில் நின்று தான் யார் என்பதை அவருடைய பேரன் கற்றுக்கொண்டிருப்பான். சமூகவியல் படிக்கப் போனதும் பிறகு பாடம் நடத்தியதும் அந்த ‘வா’வை நாக்கிலிருந்து கழுவத்தானோ என்று சில சமயம் தோன்றும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஒருவர், சார்லஸ் ஹார்ட்டன் கூலி (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்), 1902இல் இதைத்தான் எழுதினார்: மற்றவர் முகத்தைக் கண்ணாடியாக வைத்துத்தான் மனிதன் தன்னைப் பார்த்துக்கொள்கிறான். உங்கள் கணவர் சொல்கிற ‘நீ நீதான்’ என்பதில் நியாயம் உண்டு. ஆனால் கண்ணாடியே இல்லாமல் யாரும் தலை சீவிக்கொள்வதில்லை. நம் ஊரில் சிக்கல், கண்ணாடி தெருவுக்குத் தெரு வேறு.

தெரு என்றதும் ஆந்த்ரே பெத்தேய் நினைவுக்கு வருகிறார். வங்காளத்தில் பிறந்த அவர் 1961-62இல் தஞ்சைப் பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஊருக்கு அவர் வைத்த புனைபெயர் ஸ்ரீபுரம். 1965இல் நூல் வந்தது. அக்ரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி என்று ஊர் எப்படி மூன்றாகக் கிடந்தது, நிலமும் ஓட்டும் மாறத் தொடங்கியபோது அந்த மூன்றில் எது அசைந்தது, எது அசையவில்லை என்பதுதான் அவர் பார்த்த விஷயம். எனக்கு அதில் பிடித்த பகுதி வேறு. அவர் அக்ரகாரத்து வீடொன்றில் தங்கினார். விளைவு, சேரிக்குள் இயல்பாகப் போய்வர அவரால் முடியவில்லை. அதை அவரே எழுதியிருக்கிறார். டில்லியிலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு வந்த ஆராய்ச்சியாளருக்கே சில மாதத்தில் ஒரு தெரு ஒட்டிக்கொண்டது! அவருக்குப் பத்து வருடம் முன்னால் இதே ஜில்லாவில் இரண்டு கிராமங்களில் இருந்து பார்த்த கேத்லீன் காஃப், 1976இல் திரும்பி வந்து அதே ஊர்களைப் பார்த்தார். நிலம் கைமாறியிருந்தது, அக்ரகாரம் காலியாகிக்கொண்டிருந்தது. வயலில் இறங்குகிறவர்கள் யார் என்பது மட்டும் அப்படியே இருந்தது.

தெருவைப் போலவே பெயரும் ஒரு காலத்தில் சாதியைச் சொன்னது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. தமிழ்நாடு பெரும்பாலும் விட்டது. இந்தியாவில் வேறு எங்கும் இந்த அளவுக்கு நடக்கவில்லை, பெருமைப்படலாம். ஆனால் ஆளை எடைபோட விரும்புகிறவர்கள் சும்மா இருப்பார்களா? பெயர் உதவாமல் போனதும் வேறு கேள்வி பிடித்தார்கள். எந்தத் தெரு? குலதெய்வம் எது? வீட்டில் என்ன சமையல்? கேட்கும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததற்குக் காரணமும் இதுதான். குடியிருப்பைக் குறிக்க வந்த ஓர் ஆங்கிலச் சொல் நம் ஊரில் ஐம்பது அறுபது வருடத்தில் சாதியின் முகவரி ஆகிவிட்டது.

இப்போது உங்கள் வீட்டுக்கார அம்மா. கேள்விகள் இரண்டு வகை என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். அறியக் கேட்பது ஒன்று, அளக்கக் கேட்பது ஒன்று. “எந்தத் தெரு?” என்று வாசலில் நின்று, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அது அளவை. மரக்காலை நீட்டுகிறவரிடம் உண்மையைக் கொட்ட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்து வேலைக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். சில நாளில் விஷயம் தெரிந்து, தடிகளோடு ஒரு கும்பல் வந்து அவரை வெளியேற்றியது. அந்த அனுபவத்தை அவரே பின்னாளில் எழுதி வைத்தார். அவர் பெயரை மாற்றிச் சொன்னார் என்று யாராவது அவரைப் பொய்யர் என்று சொல்வார்களா? நீங்கள் மாற்றிக்கூடச் சொல்லவில்லை. அப்பா தலைமையாசிரியர் என்ற உண்மையைச் சொன்னீர்கள்.

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இல் இழிவின் முத்திரையைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வேறுபாடு காட்டுகிறார். பார்த்ததும் தெரிகிற முத்திரை உள்ளவரின் பாடு வேறு. வெளியே தெரியாதவரின் பாடு வேறு. அவர் எந்நேரமும் கணக்குப் போட வேண்டும். யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது, சொன்னதை யார் யாரிடம் சொல்வார்? பொங்கலுக்கு அந்த அம்மா வாசலில் நின்று சிரிக்கும்போது உங்களுக்கு உறுத்துகிறது என்றால் காரணம் உங்கள் நேர்மைக் குறைவு என்று எண்ண வேண்டாம். நீங்கள் சுமக்கிற இந்தக் கணக்கு அந்த அம்மா உங்கள் தலையில் ஏற்றியது. அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். சொல்வதானால் ஒரு நாள் நீங்களாகச் சொல்லுங்கள், அவருடைய நட்பைச் சோதித்துப் பார்க்க நீங்கள் தயாரான நாளில். சொல்லாமலே குடியிருந்து காலி செய்தாலும் பாதகமில்லை. தம்பியின் வீராப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அவரா, நீங்களா?

அப்பாயியின் விஷயம் அப்படி இல்லை. அங்கே கேட்டது உங்கள் மகள். “பண்ணையாள்னா என்ன வேலைம்மா?” என்பதைவிடச் சுத்தமாக அறியக் கேட்ட கேள்வி ஒன்றை நான் பார்த்ததில்லை. அதற்கு நீங்கள் வீட்டுக்கார அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே பதில் சொல்லிவிட்டீர்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்.

குடும்பம் கொடுத்தது வேறு, ஊர் ஒட்டியது வேறு. ‘பண்ணையாள்’ என்ற ஒரே சொல்லில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் பிரித்துப் பார்க்கச் சிரமம். குடும்பம் கொடுத்ததை வைத்துக்கொண்டே ஒருவர் அதைத் தாண்டிப் போகலாம் என்பதற்குத் தமிழறிஞர் உ.வே. சாமிநாதையரைப் பாருங்கள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்து வேங்கடசுப்பையரின் மகனுக்கு வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன், சாமா என்று கூப்பிட்டார்கள். அப்பா சங்கீதக்காரர், மகனும் சங்கீதம் கற்க வேண்டும் என்று ஆசை. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தபோது, சாமிநாதன் என்றே இருக்கட்டும் என்றார் ஆசிரியர். ஆசிரியருக்குப் பிடிக்காததால் சங்கீதப் பாடமும் நின்றது. பெயர் ஆசிரியர் உறுதிசெய்தது, தமிழ் ஆசிரியர் தந்தது; ஆனாலும் முன்னெழுத்தில் உத்தமதானபுரமும் வேங்கடசுப்பையரும் கடைசிவரை இருந்தார்கள். சைவச் சூழலில் வளர்ந்த அதே உ.வே.சா., சீவக சிந்தாமணியைப் புரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்ப் பாடம் கேட்டார்; 1887இல் பதிப்பித்தார். பிறந்த வீடு அவரை அடைக்கவில்லை.

இதை உங்களுக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டு நான் நழுவ முடியாது. அவர் எந்த ஆசிரியரின் திண்ணையிலும் ஏறி உட்காரலாம். எந்தத் திண்ணை தன்னுடையது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்குப் பிறப்போடு வந்தது. உங்கள் தாத்தாவுக்குத் திண்ணைகளே மூடியிருந்தன. அந்தக் கதவை முதலில் திறந்தவர் உங்கள் அப்பா. அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் துணிச்சல் ஒரு பண்ணையாளுக்கு எங்கிருந்து வந்தது? மாடு மேய்க்க ஆள் குறைகிறதே என்று பண்ணையில் கேட்டிருப்பார்களே, என்ன பதில் சொன்னார்? எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. ‘விவசாயி’ என்று எழுதிய கணத்தில் அந்தத் துணிச்சலும் சேர்ந்து அழிந்துபோகிறது. பண்ணையாள் வாழ்க்கையை நான் இனிப்பாக்கவில்லை. அதில் இனிப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் அடிமைத்தனம் தாத்தாவின் குணம் இல்லை, அவர் மேல் ஊர் ஏற்றிய பாரம். வெட்கம் அந்தப் பாரத்தை ஏற்றியவர்களுக்குரியது. என்னைப் போன்றவர்களுக்கு.

உங்கள் அப்பாயிக்கு எண்பத்திரண்டு என்றால் 1968இல் அவருக்கு ஏறக்குறைய இருபத்தைந்து. அந்த டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் நாற்பத்து நான்கு பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலித் தகராறு, மரக்கால் கணக்குத் தகராறு. அந்தச் செய்தி உங்கள் தெருவுக்கு எப்படி வந்தது என்று அவருக்கு நினைவிருக்கும். 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்து, குடிசை நின்ற இடம் குடியிருந்தவருக்கே சொந்தமானது. அவர் காலடி மண் அவருடையது ஆன வருடம் அது. பட்டா யார் பெயரில் வந்தது, அதை எந்தப் பெட்டியில் வைத்தார் என்று கேளுங்கள்.

அட்டையைத் திருத்த வேண்டுமா? வேண்டாம். அது வகுப்பறைச் சுவரில் தொங்கும். அங்கே படிக்கிறவர்கள் எல்லோரும் அறியப் படிக்கிறவர்கள் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. அந்தச் சுமையை ஒன்பது வயதுத் தோளில் ஏற்றக் கூடாது. (ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: குடும்ப மரத்தில் தொழிலை எழுதச் சொல்லாதீர்கள். நம் நாட்டில் தாத்தாவின் தொழிலைக் கேட்பது நேராகச் சாதியைக் கேட்பதுதான்.) திருத்த வேண்டியது வீட்டில் இருக்கிறது. மகளிடம் சொல்லுங்கள்: கொள்ளுத் தாத்தா வருடம் முழுக்க இன்னொருவர் நிலத்தில் நெல் விளைவித்தார், நிலம் அவருக்கு இல்லை, அது நியாயமில்லை, அதை அம்மா எழுதக் கூச்சப்பட்டுவிட்டேன். நான்காம் வகுப்புக்கு அது புரியும். நம்மைவிட நன்றாகவே புரியும்.

ஒரு சந்தேகம் எனக்கு. அதே அட்டையில் அப்பாயியின் பெயருக்குக் கீழே என்ன எழுதினீர்கள்? கடிதத்தில் சொல்லவில்லை. நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, அறுத்துக் கட்டுச் சுமந்த பெண்ணுக்குக் கீழே ‘இல்லத்தரசி’ என்று இருந்தால், ‘விவசாயி’யை மறந்துவிடுங்கள், அந்த அட்டையில் பெரிய பொய் அதுதான்.

தை அறுவடை முடியட்டும், முழுப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், வருகிற சனிக்கிழமையே மகளை அழைத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டி பஸ் ஏறுங்கள். மகள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். இந்தத் தடவை பேனாவை நீங்கள் வாங்க வேண்டாம்.